பாஞ்சாலி கடைக்கு வந்த சிவப்புக் கார்

ஒரகடத்திலிருந்து படப்பைக்குப் போகிற சாலையில், டயர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் இருக்கிறது பாஞ்சாலியின் கடை. கார்களின் முகப்பு விளக்கைத் தவிர வேறெதையும் அவள் தொடமாட்டாள்.

கல்யாணமான புதிதில் அவள் விளக்கு செய்கிற கம்பெனி ஒன்றில் லைனில் நின்றவள். விளக்கின் முன்கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டுகிற வேலை. கண்ணாடி என்று பேர்தான், உண்மையில் பிளாஸ்டிக். வருஷக்கணக்கில் ஒட்டி அலுத்துப்போய், "இனிமே பிரிக்கிற வேல பாக்கப் போறேன்" என்று ஒருநாள் வீட்டில் சொன்னாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் கணவன் திருமலை விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தான். மூடிப்போன பேக்கரி ஒன்றின் பழைய ஓவன் வாசலில் வந்து இறங்கியபோதுதான் நம்பினான். விளக்கை அதற்குள் வைத்து இளஞ்சூடு காட்டினால் பசை இளகும், கண்ணாடி கழன்று வரும். பிறகு உள்ளே என்ன மாற்ற வேண்டுமோ மாற்றலாம்.

"மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்டு வருகிறவர்களிடம், "சாப்ட போயிருக்காரு. வர்ற வரைக்கும் நான் பாக்கறேன்" என்பாள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போதுதான் பலருக்கும் விஷயம் விளங்கும்.

அந்தக் கடைக்குத்தான் நரசிம்மன் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வார்க்கிற அச்சுகளைத் தேய்த்து மெருகேற்றியே ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, ரெண்டே கதவு வைத்த அந்தப் பழைய வண்டியை வாங்கிவிட்டார். "தரையோட தரையா கீது. எறங்கணும்னா என்னைத் தூக்க ஆளு வெக்கணும்" என்று சொல்லி அவர் மனைவி சுந்தராம்பாள் ஏறவே மறுத்துவிட்டாள்.

விளக்குகள் மஞ்சளடித்துப் போயிருந்தன. பகலிலும் எரிகிற டிஆர்எல் விளக்கு வலது பக்கம் செத்திருந்தது.

"ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு கோடு எரியணும்மா. வண்டி முழிச்சிகினு இருக்கறா மாதிரி தெரியணும்" என்றார்.

அவர் வண்டியை விட்டுவிட்டுப் போனதும் பாஞ்சாலி இரண்டு விளக்கையும் கழற்றி ஓவனில் வைத்தாள். இடது விளக்கு சொன்ன பேச்சு கேட்டது. வலது விளக்கின் ஒரு மூலை மட்டும் பிரியவில்லை. மறுபடி சூடு காட்டியிருக்க வேண்டும். பாஞ்சாலி அவசரப்பட்டு நெம்பினாள். கண்ணாடி குறுக்கே இரண்டாக உடைந்தது.

திருமலைக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். "கடைய மூடிட்டு எங்கனா ஓடிடலாம்னு கீதுய்யா."

"ஓடறதுக்கு ஆட்டோ ரெடியா கீது. முதல்ல வண்டிக்காரருக்குப் போன் பண்ணி உண்மையச் சொல்லு."

நரசிம்மன் வந்தார். இரண்டு துண்டுகளையும் கையில் வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை; உடைந்த ஓரங்களைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பாஞ்சாலிக்கு. அந்த மாடலுக்குக் கண்ணாடி தனியாக எங்கேயும் கிடைக்கவில்லை. தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்டுவிட்டு அவள் அழுகிற நிலைக்கு வந்தபோது, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"உடைஞ்சத ஒட்டி, அது மேல அச்சு எடுத்தா இன்னா?"

"அப்புறம்?"

"அச்ச நான் தேய்ச்சு குடுக்கறேன். உன் ஓவன்ல பிளாஸ்டிக் ஷீட்ட இளக்கி அது மேல இழுத்துப் போடு."

அன்று முதல் அவர் டிபன் டப்பாவோடு கடைக்கு வர ஆரம்பித்தார். ஒட்டு விழுந்த கோடு விரலுக்குத் தட்டுப்படாத வரைக்கும் அச்சைத் தேய்த்தார். முதலில் போட்ட ஷீட் அப்பளம் மாதிரி கொப்பளித்தது. ஷீட்டில் ஈரம் இருக்கிறது, முதலில் காய வைக்க வேண்டும் என்று பாஞ்சாலிக்குப் பிறகுதான் உறைத்தது. அடுத்தது ஓரத்தில் சுருங்கியது. "நீ அவசரப்படற", "நீங்க கைய எடுக்க லேட் பண்றீங்க சார்" என்று இருவரும் மாறி மாறிச் சண்டை போட்டார்கள். பரோட்டா கடைக்காரர் இருவருக்கும் டீ கொடுத்துச் சமாதானம் செய்துவைத்தார்.

கடைசியில் ஒன்று தெளிவாக வந்தது. பாஞ்சாலி இடது கண்ணாடியின் மஞ்சளைத் தேய்த்து எடுத்து, இரண்டு விளக்குக்குள்ளும் புது எல்ஈடி பட்டைகளை வைத்து மூடினாள். எதிரே வருகிறவர் கண் கூசாதபடி சுவரில் வெளிச்சத்தை விழவைத்துப் பார்த்துப் பார்த்துத் தாழ்த்தினாள். ஆனாலும் வலது பக்கம் வெள்ளைக் கோட்டின் நுனி கொஞ்சம் மேலே வளைந்திருந்தது. அச்சில் நேர்ந்த பிசகு; அங்கே கண்ணாடியே லேசாக வளைந்து கோட்டை அப்படிக் காட்டியது. அவள் திரும்பவும் கழற்றப் போனபோது, வண்டி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த சுந்தராம்பாள் தடுத்தாள்.

"கழட்டாத, கழட்டாத! அப்படியே இவரு மொகரை. சிரிச்சா இவருக்கும் அந்தப் பக்கந்தான் கோணும்."

நரசிம்மன் சிரித்தார். கோணத்தான் செய்தது. சுந்தராம்பாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி மெல்ல உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். கார் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. "ஏம்மா பாஞ்சாலி, எதிர்ல வர்றவன்லாம் லைட்டு எரியுதுன்னு கைய காட்டிகினே போறான். இவரு ஒவ்வொருத்தனுக்கும் கும்பிடு போடறாரு. ஸ்டியரிங்க புடிக்கச் சொல்லு!"

பாஞ்சாலி சிரித்த சிரிப்பில் டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அச்சைத் துணியில் சுற்றி அலமாரியில் பத்திரமாக வைத்தாள். அடுத்த திங்கட்கிழமை நரசிம்மன் உப்புத்தாள் கட்டோடு மறுபடி வந்து நின்றார். விரிசல் விட்ட இன்னொரு விளக்கு கடைக்கு வந்திருப்பதாகப் பாஞ்சாலி அவருக்குப் போனில் சொல்லியிருந்தாள்.