சேலை அளந்த எல்லை

டெல்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் எங்களுடையது வரிசையின் முதல் வீடு. ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், மறுபக்கம் பஞ்சாபி ஆன்ட்டி வீடு. பின்புறத் தோட்டங்களைப் பிரித்தது ஒரு செங்கல் வரிசை மட்டுமே. குழாய் பதிக்க வந்தவர்கள் வரிசை முழுக்கத் தோண்டி, எல்லாச் செங்கல்லையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ஆன்ட்டி திரும்ப அடுக்கியபோது எங்கள் கறிவேப்பிலை மரம் அவர் பக்கம் போய்விட்டது.

திருநெல்வேலியிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து, டெல்லிக் குளிரில் சாக்கு போர்த்தி அம்மா வளர்த்த மரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவோ மத்திய அரசு குமாஸ்தா. மூன்று நகல்களோடு மனு எழுத உட்கார்ந்துவிட்டார்.

அம்மா மனுவுக்காகக் காத்திருக்கவில்லை. ஞாயிறு காலை ஒரு பழைய நூல் சேலையோடு போய் ஆன்ட்டியைக் கூப்பிட்டாள். வீட்டு முன்புறம், காம்பவுண்டு சுவரிலிருந்து இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் வரை சேலையைப் பிடித்து, அங்கே முடிச்சுப் போட்டாள். பின்புறமும் எங்களுக்கு இதே அகலம்தான் என்று இந்தியிலும் சைகையிலுமாகச் சொன்னாள்.

"அச்சா, டீக் ஹை" என்று சம்மதித்தார் ஆன்ட்டி.

பின்புறம் சேலைத் தலைப்பைக் காம்பவுண்டு சுவரோடு பிடிக்கும் பொறுப்பு எனக்கு. அம்மா இழுத்துக்கொண்டு போனாள். முடிச்சு சரியாக ஆன்ட்டியின் செங்கல் மேல் போய் நின்றது. மரம் அதற்கும் ஓரடி தள்ளி இருந்தது. அப்படியென்றால் பழைய வரிசைதான் தப்பு; மரம் ஆன்ட்டி மண்ணில்தான் நின்றது. நைசாகச் சுவரை விட்டு இரண்டடி முன்னால் நகர்ந்தேன். முடிச்சு மரத்தைத் தாண்டியது. ஆன்ட்டியின் முகம் சுருங்கிவிட்டது.

அம்மா நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள்.

"ஏட்டி, செவுத்தோட ஒட்டி நில்லு."

நின்றேன். முடிச்சு செங்கலுக்கே திரும்பியது. அம்மா மரத்தை ஒருமுறை தடவினாள்.

"பெஹன்ஜி, பேட் ஆப்கா ஹை."

மரம் உங்களுடையதுதான் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். கையில் வந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அளந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஆன்ட்டி ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு வந்து நின்றார். அப்போதும் என் கோபம் முழுதாக ஆறவில்லை.

ஆன்ட்டி சும்மா இருக்கவில்லை. வரிசையில் எந்த வீட்டில் செங்கல் தகராறு வந்தாலும், "மதராசி பாபியைக் கூப்பிடுங்கள்" என்று அம்மாவை அண்ணி முறை வைத்துச் சொல்லி அனுப்பினார். அம்மா அதே சேலையோடு கிளம்புவாள். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்காது.

ஒவ்வொரு முறையும் தலைப்பைப் பிடிக்க என்னைத்தான் அழைத்துப் போவாள். அத்தனை பெரியவர்கள் சுற்றி நிற்க, ஒருமுறை ஏமாற்றிய என்னிடமே அதை ஏன் கொடுத்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆனால் அதன்பிறகு ஒருமுறைகூட என் கால் சுவரை விட்டு நகரவில்லை.