பாலசுப்ரமணியன் உருவாக்கிய விளையாட்டு

'பாலசுப்ரமணியன் இந்த விளையாட்டைத் தன்னந்தனியாக, இரண்டு ஆண்டுகள் கண்விழித்து உருவாக்கினார்' என்று, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஆங்கில இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் எழுதியிருந்தது. படித்ததும் ரமாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. மேற்படி பாலசுப்ரமணியன், அதாவது அவள் கணவர், அப்போது கூடத்தில் உட்கார்ந்து தலையங்கம் படித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது. அதையும் பையன் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்.

கண்விழித்தவன் அச்யுத். அவர்களுடைய ஒரே பிள்ளை. அவன் போய் நாலு வருஷமாகிவிட்டது.

கட்டுரையின் கடைசி வரி இன்னும் மோசம். 'பாலசுப்ரமணியன் 2006ஆம் ஆண்டு சாலை விபத்தில் காலமானார்.' அந்த வரியை அவள் வெறித்துக்கொண்டிருக்கும்போதே கூடத்திலிருந்து குரல் வந்தது. "ரமா, காபி ஆச்சா?"

இந்தக் குளறுபடிக்கு விதை போட்டது ரமாவேதான். தாங்கள் குடியேறிய தெலுங்குப் பிரதேசத்து அல்வாலில் அச்யுத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். தெலுங்கர்களுக்கு வீட்டுப் பெயர் என்று ஒன்று உண்டு. நமக்கு ஏது? அப்பா பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவன் எல்லா இடத்திலும் அச்யுத் பாலசுப்ரமணியன். சிநேகிதர்கள் சுருக்கி 'பாலு' ஆக்கிவிட்டார்கள். போனில் யாராவது "பாலு ஹை க்யா?" என்று, பாலு இருக்கானா என இந்தியில் கேட்டால் அவன் அப்பா "நான்தான் பேசறேன்" என்பார். எதிர்முனை பயந்துபோய் வைத்துவிடும். அந்த நாளில் வீடே சிரித்த விஷயம் இது.

விளையாட்டின் பெயர் 'டேங்கர்'. கோடைக்காலத்து அல்வாலில் தண்ணீர் லாரி ஓட்ட வேண்டும். பள்ளத்தில் விட்டால் தண்ணீர் சிந்தும், சந்தில் எருமை படுத்திருக்கும், குடத்தோடு நிற்கும் பெண்கள் லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். கல்லூரி முடித்ததும் கிடைத்த லட்டு மாதிரி சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டு அச்யுத் இதைத்தான் செய்தான். மத்திய அரசு நிறுவனத்தில் ஒரே நாற்காலியில் தேய்ந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இது அடுக்குமா? இந்த வீட்டில் இருந்துகொண்டு பொம்மை லாரி ஓட்டக் கூடாது என்றார். பிளக் விவகாரம் அப்போதுதான். அவன் பேகம்பேட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விளையாட்டு முடிந்து, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையின் இலவச சிடியில் வெளியானபோது, அந்தச் சிடியோடு வீட்டுக்கு வந்தான். "ஒரே ஒரு தடவை வந்து பாருங்கோப்பா" என்று கூப்பிட்டான். அவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம்தான் அவனுக்குப் பாக்கி இருந்தது. பைக்கில் வந்தவனை லாரி அடித்துவிட்டது.

அன்றிலிருந்து ரமா கணவரிடம் காபி, மாத்திரை தவிர வேறெதுவும் பேசுவதில்லை. ஊரும் உறவும் அதைத் துக்கம் என்று நினைத்தன. அது கோபம். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் அவள் என்றோ படுத்த படுக்கையாகியிருப்பாள்.

அப்படிப்பட்டவள் இந்தக் கட்டுரையை விட்டுவைப்பாளா? முதல் வேலையாகப் 'பாலசுப்ரமணியன்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'அச்யுத்' என்று மாற்றினாள். மறுநாள் பார்த்தால் எல்லாம் பழையபடி இருந்தது. ஸ்னோபூட் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பின்லாந்துக்காரர் திருத்தங்களை நீக்கியிருந்தார். ஊர் பேர் தெரியாத பழைய விளையாட்டுகளைத் தேடித்தேடி எழுதுகிறவர். கட்டுரையைத் தொடங்கியவரும் அவர்தான். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஒருவரைக் குடும்பப் பெயரால் குறிப்பிடுவதே இங்கே வழக்கம். மாற்ற வேண்டுமானால் அச்சில் வந்த ஆதாரம் வேண்டும்.

'நான் அவனைப் பெற்றவள்' என்று ரமா பதில் போட்டாள்.

'உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் குடும்பத்தினரின் சொல்லை ஆதாரமாகக் கொள்ள முடியாது.'

வேறு யாராக இருந்தாலும் மானிட்டரைப் போட்டு உடைத்திருப்பார்கள். ரமாவுக்குக் கோபம்கூட வரவில்லை. பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் விஞ்ஞானிகளின் அறிக்கைகளைச் சரிபார்ப்பது அவள் உத்தியோகம். 'இதற்கு ஆதாரம் எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதியே எத்தனையோ பெரிய மனிதர்களின் வாயை அடைத்தவள். தன் சிவப்பு மை தன் மேலேயே கொட்டிவிட்டது, அவ்வளவுதான். எந்தக் கட்டுரையையும் மதிப்பீட்டுக்கு அனுப்பலாம், தேறினால் நல்ல கட்டுரை என்ற முத்திரை கிடைக்கும் என்று தெரிந்தது. அனுப்பிவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

மதிப்பீட்டுக்கு ஸ்னோபூட்டே வந்தார். அவர் சொன்னதையெல்லாம் செய்தாள். விளையாடும் முறையைத் தெளிவாக்கினாள். யாரோ ஆர்வக்கோளாறில் போட்டிருந்த 'திறமை மிக்க இளைஞர்' என்பதற்கு ஆதாரம் கிடையாது என்றார். அதையும் தன் கையாலேயே அடித்தாள். அடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பெற்றவளுக்கு அந்த வார்த்தைக்கு எதற்கு ஆதாரம்?

பெயர் மட்டும் மாறவில்லை. சிடி கொடுத்த அந்தப் பத்திரிகை அச்யுத்தைப் பேட்டி எடுத்திருந்தது அவளுக்குத் தெரியும், படித்ததில்லை. அவன் போன பிறகு அவன் அறையிலிருந்து வந்த சாமான் எதையும் பார்க்கப் பொறுக்காமல் மொத்தமாக ஒழித்துக்கட்டியதில் அந்த இதழும் போய்விட்டது. பத்திரிகையும் எப்போதோ மூடிவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்து ஆபிட்ஸ் நடைபாதைப் புத்தகக் கடைகளுக்குப் போனாள். நூர் முகமது என்ற கடைக்காரர் அவள் தலை தெரிந்ததுமே கையை விரிப்பார். "டென்ஷன் நக்கோ அம்மா, மில் ஜாயேகா" என்பார், கவலை வேண்டாம், கிடைத்துவிடும் என்று. மழை பிசுபிசுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையை விரிக்கவில்லை. தார்பாய்க்கு அடியிலிருந்து இதழை எடுத்து நீட்டினார்.

ரமா நின்றபடியே பிரித்தாள். அவள் தேடியது முதல் பத்தியிலேயே இருந்தது: பெயர் அச்யுத், பாலசுப்ரமணியன் என்பது தந்தை பெயர். இது போதும் என்று மூடியிருக்கலாம். பிள்ளை பேசியதை எந்தத் தாய் பாதியில் மூடுவாள்? அடுத்த பக்கத்தில் கேட்டிருந்தார்கள், விளையாட்டின் முகப்பில் உங்கள் பெயரே இல்லையே, 'பாலசுப்ரமணியன் வழங்கும் டேங்கர்' என்று அப்பா பெயர் மட்டும் ஏன்?

அவன் சொல்லியிருந்தான்: 'அப்பா இன்னும் இதைப் பார்க்கவில்லை. என் பெயருக்காக வர மாட்டார். தன் பெயர் இருக்கிறதென்று தெரிந்தால் ஒருநாள் எழுந்து வந்து பார்ப்பார்.'

ரமா ஈர நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நூர் முகமது பதறிப்போய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தார்.

பேட்டியின் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பியதும் பின்லாந்துக்காரர் ஒரே நாளில் ஒப்புக்கொண்டார். கட்டுரை முழுவதும் அச்யுத், அச்யுத், அச்யுத். ரமா எதற்காக இவ்வளவு அலைந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பும் வந்தது. 'முகப்பில் தந்தை பெயர் இருப்பதன் காரணத்தையும் அந்தப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். படிப்பவர்கள் நிச்சயம் கேட்பார்கள். அதையும் சேர்த்துவிட்டால் மதிப்பீட்டை முடித்துவிடலாம்.'

நாலு வருஷமாக அந்த மனுஷனின் நெஞ்சில் எதையாவது எடுத்துக் குத்த வேண்டும் என்று துடித்தவள். இப்போது குத்துவதற்கு வாகாக ஒன்று கிடைத்தும் கை எழவில்லை. இதைப் படித்தால் அவர் தாங்குவாரா என்று நினைத்தாள். அவரைப் பற்றி அப்படி நினைத்து எத்தனை காலமாயிற்று! சேர்க்காமல் விட்டுவிடலாம், முத்திரை கிடைக்காது, அவ்வளவுதானே. ஆனால் அது பிள்ளையின் வாயைப் பொத்துவதாகிவிடுமே. பிளக்கைப் பிடுங்கியவருக்கும் தனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், விதிப்படி ஒட்டாமல் உறவாடாமல் மூணு வரி தட்டினாள். சேமிப்பதற்கு முன் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, கொஞ்சம் இங்க வாங்கோ."

அவர் எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலைத் திரையில் வைத்து வரி வரியாகப் படித்தார். 'முகப்பில் தன் பெயரைக் கண்டால் தந்தை விளையாட்டைப் பார்க்க வருவார் என்று அச்யுத் நம்பினார். பேட்டி வெளியானபோது தந்தை அதைப் பார்த்திருக்கவில்லை. பின்னர் பார்த்ததாகவும் பதிவு இல்லை.' பக்கத்தில் முகப்பின் படம் இருந்தது. மஞ்சள் லாரி, அதன் மேல் பெரிய எழுத்தில் அவர் பெயர். விரல் அங்கே போய் நின்றுவிட்டது.

"ரமா."

"சொல்லுங்கோ."

"இப்போ பாத்துட்டேனே. பாத்தார்னு மாத்திடேன்."

முகத்தில் அறைந்தாற்போலப் பதில் சொல்ல அவளிடம் நாலு வருஷத்துச் சரக்கு இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு விதியைச் சொன்னாள்.

"முடியாதுன்னா. ஆத்து மனுஷா சொன்னா ஒத்துக்க மாட்டா. ஆதாரம் கேப்பா."

வாழ்நாள் முழுவதும் அலுவலகத்தில் விதிகளைக் காட்டியே மற்றவர்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். இதற்கு மேல்முறையீடு கிடையாது என்று அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார்.

"சரி. அப்படியே இருக்கட்டும். நெஜந்தானே" என்றார்.

ரமா நாற்காலியில் நகர்ந்து அவருக்குப் பாதி இடம் கொடுத்தாள். பிறகு சேமித்தாள்.