ஊருக்கு வழி மாற்றிய ஸ்டெல்லா

செவ்வாய்க்கிழமை காலை, மாகறல் பக்கம் அறுந்துபோன கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் அழைத்தார். "குமாரு, ஸ்டெல்லா போயிட்டாப்பா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் வந்தா." கேபிளை முழுவதும் ஒட்டி முடித்த பிறகே கிளம்பினேன். பாதியில் விட்டு வந்திருந்தால் ஸ்டெல்லாவே திட்டியிருப்பார் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

காஞ்சிபுரத்தில் எங்கள் சிறிய இன்டர்நெட் கம்பெனியில் அவரும் நானும் பதினைந்து ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பக்கத்துக் கூரம் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்தின் மகள் அவர். புகார் போன் எடுக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தார். "நெட் ஏன் வரலன்னு எனக்கே தெரியலன்னா, கேக்கறவங்களுக்கு என்னாப்பா பதில் சொல்றது?" என்று ரவுட்டரைப் படிக்கத் தொடங்கியவர், சில ஆண்டுகளில் அந்த ரவுட்டருக்கே பொறுப்பாளர் ஆனார்.

வெளியுலகத்துக்கு எங்களிடம் இரண்டு லைன்கள் உண்டு. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. எதற்கு முன்னுரிமை எண் அதிகமோ அதைத்தான் ரவுட்டர் தேர்ந்தெடுக்கும். பெரியதற்கு இருநூறு, சிறியதற்கு நூறு. பெரியது செத்தால் மட்டுமே சிறியதற்கு வேலை.

ஒரு நாள் முற்பகலில் உள்ளூர் மருத்துவமனையிலிருந்து டாக்டர் அழைத்தார். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் ஒருவருக்குப் பக்கவாதம். மூளை ஸ்கேன் படங்களைச் சென்னை மருத்துவமனை நிபுணர் பார்த்துச் சொன்னால்தான் ஊசி போட முடியும். படங்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

பெரிய லைன்காரர்களோ, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஸ்டெல்லா போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "லைன் உயிரோடத்தான் இருக்குது. வேலை செய்யல. அந்த வித்தியாசம் மெஷினுக்குத் தெரியாதுப்பா, நமக்குத் தெரியணும்."

முதலாளி பதறினார். "பெரிசை ஆஃப் பண்ணிட்டு எல்லாத்தையும் சின்னதுல தள்ளும்மா."

"தள்ளினா ஊரே அதுல முண்டிக்கினு நிக்கும் சார். ஸ்கேனும் அதுலயே மாட்டிக்கும். அந்த சென்னை ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மட்டும் வழி மாத்தறேன்."

சென்னை மருத்துவமனையின் இணைய முகவரிகளுக்கு மட்டும் சிறிய லைனுக்கு முந்நூறு என்று எண் கொடுத்தார். படங்கள் கிளம்பின. நான் கைதட்டப் போனேன். மறுபடி நின்றன.

"இரு. நம்ம அனுப்பறது சின்ன லைன்ல போவுது. அவங்க பதில் இன்னும் பெரிய லைன்லயே வந்துக்கினு இருக்குது. அது வந்து சேர்ந்தாத்தான் அடுத்தது போவும்" என்றார்.

போகும் வழி நம் கையில். வரும் வழியை வெளியில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். நீளம் குறைவாகத் தெரியும் வழியைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். வழியில் எத்தனை கம்பெனிகளின் எண்கள் வரிசையாக நிற்கின்றனவோ, அதுதான் நீளம். உள்ளூர் மருத்துவமனை இருந்த முகவரித் தொகுதியைப் பெரிய லைனில் அறிவிக்கும் இடத்தில், இணையத்தில் எங்கள் கம்பெனியைக் குறிக்கும் எண்ணைத் திரும்பத் திரும்ப நான்கு முறை சேர்த்தார் ஸ்டெல்லா. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வழி நீண்டுவிட்டது. பதில்கள் சிறிய லைன் பக்கம் திரும்பின. சற்று நேரத்தில் டாக்டரின் குரல் வந்தது: "எல்லாப் படமும் போயிடுச்சும்மா. ஊசி போட்டுக்கினு இருக்கோம்."

ஸ்டெல்லா நாற்காலியில் சாய்ந்து, "இப்ப கைதட்டுப்பா" என்றார். முதலாளிதான் முதலில் தட்டினார்.

சில வாரங்கள் கழித்து அந்தச் சாயக்காரர் தானாகவே நடந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். விரல் இடுக்குகளில் அரக்குச் சாயம். "எந்தம்மா அது?" என்று கேட்டு, விழுந்துபோயிருந்த வலக்கையை நீட்டினார். ஸ்டெல்லா அதைப் பிடித்தார். "நல்லா அழுத்துங்க பார்க்கலாம்" என்றார். அவர் அழுத்தினார். "போதும்ணா, வலிக்குது" என்று சொல்லிச் சிரித்த ஸ்டெல்லாவின் கண்கள் நிறைந்திருந்தன. அப்புறம் பெரிய லைன்காரர்களே அவரை அழைத்து, அன்று என்ன செய்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். கூரத்துப் பெண் சொல்லச் சொல்ல மூன்று இன்ஜினியர்கள் குறிப்பெடுத்ததைப் பார்த்தவன் நான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். என்டரைத் தட்டுவதற்கு முன் கட்டளை முழுவதையும் அவர் வாய்விட்டுப் படிப்பார். அடக்கம் முடிந்த மறுநாள் பெரிய லைன் மறுபடி தடுமாறியது. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். எண்களை அடித்தேன். வாய்விட்டுப் படித்தேன், குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தேன். தட்டினேன். அன்று முழுவதும் ஒரு புகார் போன்கூட அடிக்கவில்லை.