பெயில் விடவேண்டிய சோதினை

எங்கடை மனுசனுக்குச் சரியான மண்டைக்கனம் எண்டுதான் பாரிசிலை எங்கடை தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பல் முழுக்கக் கதை. நாடியை உயர்த்திக்கொண்டுதான் நடப்பார். கடை வாசலிலை நிக்கிற ஆக்களைக் கணக்கெடுக்காமல் போறமாதிரி இருக்கும். என்னட்டையே வந்து சொன்னவையும் இருக்கினம். அந்தப் பாவத்துக்கு இரண்டு கண்ணிமையும் சின்னனிலையிருந்தே தொங்கிப்போய்க் கிடந்தது. முகத்தை நிமிர்த்தினால்தான் முன்னுக்கு நிக்கிறது ஆர் எண்டு தெரியும். இதை எத்தினை பேருக்கு நான் விளங்கப்படுத்துறது?

எண்பதுகளின்ரை நடுவிலை எங்களுக்கு மகள் பிறந்தாள். இருந்தது அஞ்சாம் மாடி. லிப்ட் இல்லை, வளைஞ்சு வளைஞ்சு இறங்குற மரப்படிதான். இவர் கதிரையிலை இருந்தால் பிள்ளையை மடியிலை வைச்சிருப்பார். எழும்பவேணுமெண்டால் உடனை என்னட்டைத் தந்திடுவார். நாடியை உயர்த்தினால் காலடி தெரியாது, குனிஞ்சால் ஒண்டுமே தெரியாது. "விழுத்திப்போடுவன்" எண்டு மட்டும் சொல்லுவார்.

பக்கத்து வீட்டிலை இருந்த புதுச்சேரி அக்காதான் எங்களைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. இமை பார்வையை மறைக்குதெண்டால் அரசாங்கச் செலவிலை வெட்டித் தைப்பினம், வடிவுக்கெண்டால் எங்கடை செலவு எண்டு சொன்னா. இவரின்ரை சாப்பாட்டுக்கடைச் சம்பளத்திலை அது நடக்கிற காரியமே? மறைக்குதோ எண்டு பார்க்க ஒரு சோதினை வைச்சினம். பெரிய வெள்ளைக் கிண்ணம்மாதிரி ஒண்டுக்குள்ளை முகத்தை வைச்சு, வெளிச்சப்பொட்டு தெரியிற நேரமெல்லாம் பொத்தானை அமத்தவேணும்.

முடிச்சுப்போட்டு வந்த ஆளின்ரை முகத்தைப் பார்த்திருக்கவேணும். "ஒண்டும் விடேல்லை" எண்டார். நெத்தியைச் சுருக்கி, புருவத்தை உச்சிக்கு ஏத்தி, இருந்த பொட்டு எல்லாத்தையும் பிடிச்சிருக்கிறார். சோதினை எண்டு சொல்லி இருத்தினால் பாஸ் பண்ணாமல் எழும்புறது எங்கடை ஊர் ஆக்களின்ரை ரத்தத்திலையே இல்லை. பார்வை நல்லாயிருக்கு, இது வடிவுக்குத்தான் எண்டு டாக்டர் சொல்லிப்போட்டார்.

"விசரே உங்களுக்கு? இஞ்சை உங்களை ஆர் பாஸ் பண்ணச் சொன்னது?" எண்டு ஆஸ்பத்திரி விறாந்தையிலை வைச்சே பேசினன். அக்கா சிரிப்பை அடக்கேலாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நிண்டா. பிறகு உள்ளுக்குப் போய் டாக்டரோடை கனநேரம் பிரெஞ்சிலை கதைச்சா.

இரண்டாந்தரம் நேர்ஸ் அவரின்ரை நெத்தியைக் கையாலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டாவாம். வெளியிலை வந்தவர் விறாந்தை வாங்கிலை இருந்திட்டார். "மேலுக்கு ஒண்டுமே தெரியேல்லையப்பா" எண்டார். இவ்வளவு காலமும் எவ்வளவைக் காணாமல் இருந்திருக்கிறன் எண்டு அவருக்கே அண்டைக்குத்தான் விளங்கினது. எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேணும், அழுகைதான் வந்தது. ஆக்கள் இருக்கினம் எண்டும் பார்க்காமல் அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

அரசாங்கச் செலவிலையே ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சுது. இரண்டு கண்ணும் வீங்கிக் கறுத்துப்போச்சு. "என்ன அண்ணை, வீட்டிலை அக்கா கை வைச்சிட்டாவோ?" எண்டு மரக்கறிக் கடைக்காரத் தம்பி கேட்க, இந்த மனுசன் ஆறுதலாய் "ஓம்" எண்டு சொல்லிப்போட்டு என்னைத் திரும்பிப் பார்க்குது. வீட்டை வரட்டும் எண்டு விட்டன்.

தையல் வெட்டி, வீக்கமும் வத்தின பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வெளிக்கிட்டம். வழக்கம்போலை பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு கதவைத் திறந்தன்.

"தாரும்" எண்டு கையை நீட்டினார்.

நான் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடிச்சன்.

"தாரும் எண்டுறன்."

குடுத்தன். மனுசன் குனிஞ்ச தலை நிமிராமல், மணவறைக்குப் போற பொம்பிளைமாதிரி, ஒவ்வொரு படியாய்ப் பார்த்துப் பார்த்து இறங்கினார். வெறுங்கையை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நான் பின்னாலை இறங்கினன்.

கீழை வந்ததும் "இனித் தாங்கோ" எண்டு கேட்டன்.

"விடுமப்பா, நான் வைச்சிருக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு அவர் முன்னாலை நடந்தார்.