இடது பக்கம் ஒரு சத்தம்

அந்தக் காருக்கு இரண்டே கதவுகள். ஒவ்வொன்றும் பீரோக் கதவு அகலம். முழுதாகத் திறக்க வேண்டுமானால் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டரை நகர்த்தியாக வேண்டும். நீளமான மூக்கு, தாழ்ந்த கூரை, தோல் இருக்கைகள், டாஷ்போர்டில் அசல் மரம். பின்னால் ஒரு இருக்கை உண்டு என்று பேர்தான். மளிகைப் பை தாராளமாக உட்காரும், மனிதர் உட்கார்ந்தால் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாது. முன்விளக்குகள் மூக்குக்குள் ஒளிந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒன்று உடனே எழுந்துவிடும், மற்றது கொஞ்சம் யோசித்துவிட்டு எழும். அதனால் தெருவில் அந்தக் காருக்கு ஒன்றரைக்கண்ணன் என்று பெயர். அதைத் தயாரித்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடியாகிவிட்டது. ஊரில் அந்த ஜாதியில் அது ஒன்றுதான்.

சொந்தக்காரர் ஏதோ பெரிய பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, மோட்டாரில் அரைத்து, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்புவார். வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு வாடிக்கையாளர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன கார் அது. யானையை வாங்கிக் கொல்லையில் கட்டியிருக்கிறான் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் அது விழவில்லை. நாள் முழுக்க மோட்டார் பக்கத்தில் இருக்கிறவர் காதில் என்னதான் விழும்?

காது முழுவதும் அவர் மனைவியிடம்தான் இருந்தது.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். லைனில் வரும் இரைச்சலை வைத்தே எங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது, எங்கே கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கார் வந்த முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும், "பின்னாடி வலது சக்கரம் அழுவுது" என்றாள். மெக்கானிக் கழற்றிப் பார்த்தான். பேரிங் போயிருந்தது. அன்றிலிருந்து அவர் கை, அவள் காது என்று குடும்பத்தில் வேலை பிரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் மேம்பாலம் வரை போவார்கள். அவர் ரேடியோவை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, "சத்தம் இருக்கா?" என்று கேட்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். சொன்ன இடத்தில் கோளாறு இருக்கும். இத்தனை வருஷத்தில் அவள் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பிறகு அந்தக் காது மெல்ல மெல்லக் கைவிட்டது. முதலில் அவள் டிவியைத்தான் திட்டினாள். இந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றாள். அழைப்பு மணி ரிப்பேர் என்றாள். ரிப்பேர் பார்க்க வந்தவன் மணி நன்றாகத்தான் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் ரிப்பேர் தன் காதில் என்று அவளுக்குப் புரிந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகினாள், பிடிபடாத இடத்தில் தலையை ஆட்டிச் சமாளித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல, "சத்தம் இருக்கா?" என்று கேட்டார். அவளுக்கு எஞ்சினின் அடித்தொண்டை உறுமல் மட்டும் கேட்டது. இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சத்தம் இல்லையா, தனக்குத்தான் எட்டவில்லையா என்று அவளுக்கே தெரியாதே. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"இடது கதவுல. கிறீச்னு சின்னதா வருது."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு வந்ததும் கதவின் உள்பலகையைக் கழற்றினார். உள்ளே நிஜமாகவே ஒரு கிளிப் ஒடிந்து கிடந்தது. பழைய காரில் எந்த இடத்தைத் திறந்தாலும் ஏதாவது ஒன்று ஒடிந்துதான் கிடக்கும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கடையில் கிடைக்காத கிளிப். ஆகவே பல்செட் செய்கிற பிசினில் அதை அவரே வார்த்தார். ஈறு நிறத்தில் ரோஸாக இருந்தது. "வண்டிக்கு ஈறு முளைச்சிருக்கு பாரு" என்று அவளிடம் காட்டிச் சிரித்தார்.

வேலை நடக்கும்போது டார்ச் பிடிப்பது அவள். அவர் குனிந்து நிமிர்ந்து, அவள் முகத்துக்கு நேராக, மோட்டார் பழக்கத்தில் உரக்கப் பேசுவார். மற்ற நேரத்தில் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் மாவுக்கட்டித் தாடைகளோடு மட்டும் பேசுகிற மனிதர், அப்போது தன் சின்ன வயசுக் கதை, டாக்டர்களின் அழிச்சாட்டியம் எல்லாவற்றையும் கொட்டுவார். ஒரு வார்த்தை தவறாமல் அவளுக்குக் கேட்கும். வீடு முழுக்க அவளுக்கு மங்கிக்கொண்டு வந்த காலத்தில் அந்தக் கார்ப் பக்கம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை.

அப்புறம் டாஷ்போர்டில் ஒரு சத்தம் வந்தது. இருக்கைக்கு அடியில் ஒன்று. கூரை ஓரத்தில் ஒன்று. காருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம் ரோஸ் கிளிப் ஏறியது.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு சமயம் அவருக்கு வேலை நெருக்கடி, பல வாரமாகக் காரைத் தொடவில்லை, அவளோடு பேசவும் இல்லை. அடுத்த முறை கூட்டிக்கொண்டு போனபோது, சின்னச் சத்தம் சொன்னால் ஒரு நாளில் முடித்துவிடுவார் என்று அவள் கொஞ்சம் பெரிதாகவே சொன்னாள். "கியர் மாத்துறப்ப உள்ளேர்ந்து டொக்குனு ஒண்ணு இடிக்குது."

அவர் முகம் செத்துவிட்டது. கியர்பாக்ஸ் வீட்டில் திறக்கிற சாமான் அல்ல. உள்ளே ஏதாவது போயிருந்தால் மாற்றுவதற்கு உலகத்தில் எங்கும் கிடைக்காது. மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு சத்தமும் இல்லண்ணே, வெண்ணெய் மாதிரி விழுது" என்றான்.

"உன் காதுக்கு எட்டாது. அவ காது எக்ஸ்சேஞ்ச் காது."

மெக்கானிக் யோசித்தான். "ஆபரேட்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவனும் ஒத்துக்கொண்டான். பக்கத்திலேயே நின்றிருந்த அவளுக்கு, இரண்டு பேருடைய உதட்டிலிருந்தும் இது நன்றாகவே புரிந்தது.

அதன்பிறகு அவர் காரை வெளியே எடுக்கவில்லை. கியர் நொறுங்கி நடுரோட்டில் நிற்பதை என் கண்ணால் பார்க்க மாட்டேன் என்றார். பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற ஒரு ஓட்டல் முதலாளி சேதி கேட்டு வந்தார். ஓடாவிட்டால் பரவாயில்லை, கண்ணாடிக் கூடத்தில் நிறுத்தி வைக்கத்தானே என்றார். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போவதாகப் பேச்சு முடிந்தது.

"இப்ப யோசிச்சா அது கியர்பாக்ஸ் இல்லன்னு தோணுதுங்க" என்று அவள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்ற. பரவால்லம்மா, விடு."

உண்மையைச் சொன்னால் காது போன கதை வெளியே வரும். சொல்லாவிட்டால் கார் போகும். காரோடு ஞாயிற்றுக்கிழமையும் போகும், டார்ச்சும் பேச்சும் போகும். தானே வெட்டிய குழி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் காரைக் கழுவித் துடைத்தார். உள்ளே இருந்த தன் சாமான்களை எடுத்து வெளியே வைத்தார்: டயர் காற்றுமானி, கண்ணாடிக்கூடு, துடைக்கிற துணி. கடைசியாக, இருக்கை தாழ்வு என்பதற்காக அவள் போட்டு உட்காரும் பழைய மெத்தையை எடுத்துத் தட்டி, வாசற்படியில் வைத்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெத்தையை எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப இருக்கையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு ரவுண்டு போலாம். கடைசியா."

அவர் கியரைக் கண்ணாடிப் பாத்திரம் போலத் தொட்டுத் தொட்டு மாற்றினார். கண்ணாடிகளை ஏற்றினார், ரேடியோவை அணைத்தார். பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பி, "சத்தம் இருக்கா?" என்றார்.

"தெரியலீங்க. எனக்குக் காது கேக்கல."

அவர் புரியாமல் பார்த்தார்.

"அந்த டொக்கு, நானா சொன்னது. ரெண்டு வருஷமா எல்லாமே நானா சொன்னதுதான்."

அவர் காரை ஓரம் கட்டினார். "கதவு?"

"அதுவும்."

"சீட்டைக் கழட்டினப்ப எனக்கு முதுகு புடிச்சு நாலு நாள் படுத்தேனே. அது?"

"அதுவுந்தாங்க."

அவருக்குக் கோபம் வந்தது. இறங்கிப் போய்க் கார் மூக்கில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவள் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தபோது கோபம் பாதி வடிந்திருந்தது.

"எப்பலேர்ந்து கேக்கல?"

"டிவிய மாத்தணும்னு சொன்னேனே, அப்பலேர்ந்து."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா டாக்டர்கிட்ட போயிருக்கலாம்ல?"

"சொல்லிட்டா அப்புறம் என்னை எதுக்குக் கூட்டிட்டு வருவீங்க?"

அவர் நிமிர்ந்தார். சாலையைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்துப் பீரோக் கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

"இறங்கு. நீ ஓட்டு."

"நானா? இதை நான் தொட்டதே இல்லையே."

"லைசென்ஸ் இருக்குல்ல? என் காதுல மோட்டார் தின்னது போக மிச்சம் கொஞ்சம் இருக்கு. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு காது தேறும். ஓட்டு, நான் கேக்கிறேன்."

அவள் மெத்தையை ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றிக்கொண்டாள். முதல் கியரில் கார் ஒரு குதி குதித்தது. அவர் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். திரும்பி அவர்கள் தெருவுக்குள் வந்தபோது வாசலில் ஓட்டல் முதலாளி, காரைப் போர்த்தி எடுத்துப் போகப் பெரிய துணியோடு காத்திருந்தார். அவள் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். மிதிக்கவில்லை. ஒன்றரைக்கண்ணன் அவரைத் தாண்டிப் போனது. பல்செட்காரர் ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போட்டார்.

அப்புறம் அவர் ஏதோ சொன்னார். சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாததால் உதட்டைப் பார்க்க வழியில்லை. எப்போதும்போல் தலையை ஆட்டப் போனவள், ஆட்டாமல் நிறுத்திக்கொண்டாள்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

அவர் அவள் காதருகே வந்து கத்தினார். "இடது பக்கம் ஒரு சத்தம் வருதுன்னேன்."

"பொய்தானே?"

"ஆமா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. மேம்பாலம் ஏறுவதற்கு அடுத்த கியரைப் போட்டாள். எங்கும் எதுவும் இடிக்கவில்லை, அது கைக்கே தெரிந்தது.