பெயர் எழுத வேண்டாம்

திருப்போரூருக்குக் கிழக்கே ஓர் அரசுப் பள்ளியில் நான் தமிழாசிரியை. நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். பூட்டியே கிடந்த அறையைத் திறந்து, பாய் விரித்து, வாரம் இரண்டு பீரியடு பிள்ளைகளை வாசிக்க வைத்தேன். படித்ததைப் பற்றி ஆளுக்கொரு நோட்டில் எழுதச் சொல்லித் திருத்தினேன். பிறகு ஒரு யோசனை வந்தது. வாசலில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, மனதில் உறுத்துவதை எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

பரீட்சை பயம், அப்பாவின் குடி என்று சீட்டுகள் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான புத்தகத்தைத் தேடி மேசைமேல் வைப்பேன். மாலைக்குள் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள்.

ஒருநாள் வந்த சீட்டில் கணக்கு ஆசிரியரைப் பற்றி எழுதியிருந்தது. மீன் நாற்றம் அடிக்கிறது என்று அவர் தன்னை ஜன்னலோரம் தனியாக உட்காரவைப்பதாகவும், தான் காலையில் இரண்டு முறை சோப்பு போட்டுக் குளிப்பதாகவும், பள்ளிக்கு வரவே பிடிக்கவில்லை என்றும்.

தலைமையாசிரியர் அவரைக் கண்டிப்பார் என்று நம்பி அதைக் காட்டினேன். யார் எழுதியது என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றிருக்கலாம். அவர் என்னை மிரட்டவில்லை. எல்லாப் பிள்ளைகளின் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி என்ற பெருமையில் சொல்லிவிட்டேன்: ஒன்பதாம் வகுப்பு, குப்பத்திலிருந்து வரும் பெண், நூலகத்தில் அதிகம் படிப்பவள்.

மறுநாள் நான் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கணக்கு ஆசிரியர் அவளை எழுப்பி, தலைமையாசிரியர் கொடுத்திருந்த அந்தச் சீட்டைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். திக்காமல், நான் பழக்கியபடியே நிறுத்தி நிறுத்திப் படித்தாள். வகுப்பு சிரித்தது.

"நல்லா படிக்கிறியே. லைப்ரரில கத்துகினியா?" என்றார் அவர்.

என் வகுப்புக்குக் கேட்கக்கூடாதென்று நான் குரலை உயர்த்திச் செய்யுளை நடத்தினேன்.

அவள் அம்மாவை வரச் சொன்னார்கள். மீன் கூடையை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தவர், என்ன நடந்தது என்று கேட்கவேயில்லை. "தெரியாம எழுதிச்சு சார், மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி, மகளின் தலையைப் பிடித்துக் குனியவைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதன்பின் நூலகப் பீரியடில் அவள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாள். அந்த வருடம் பார்வையிட வந்த அதிகாரிகள் எங்கள் நூலகத்தைப் பாராட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கம்பெனிச் சீருடையில் வேனுக்காக நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். நான்தான் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியாது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அன்னிக்கே தெரியும் மிஸ். என் நோட்ட உங்களத் தவிர யாரு படிச்சாங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. இப்போது ஏதாவது படிக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வேன் வந்ததும் ஏறி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.