பாஞ்சாலையின் குதிரைக்குப் பேன் வந்த வருஷம்

எழுபத்தேழில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்து திருவண்ணாமலைக்கு வந்தேன். ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சாரியில், செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். காலை ஷிப்டு என்றால் பாஞ்சாலையின் ஜட்காவில்தான் போவேன். ரயிலடிக்குப் போகும் வழியில் என்னை ஏற்றிக்கொள்வாள். வாசலுக்கு வந்து கூப்பிட மாட்டாள். குதிரை ஒரு தரம் கனைக்கும். அவ்வளவுதான், நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

பாஞ்சாலைக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். ஜட்கா ஓட்டும் தசரதனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள். கல்யாணமான புதிதில் குதிரையைக் கண்டாலே பயப்படுவாளாம். புல்லுக்கட்டைத் தூர நின்று வீசிவிட்டு ஓடிவிடுவாளாம். தசரதன் ஒரு நாள் அச்சாணி கழன்று வண்டியோடு சாய்ந்து, முட்டிக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். புத்தூர் கட்டுப் போட்டுக் கட்டிலில் படுத்துவிட்டார். வண்டியை வாடகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள்.

"அவங்க சவுக்கால அடிப்பாங்க. மைனா அடி தாங்காது"என்று சொல்லி, மறுநாள் புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மைனா என்பது குதிரையின் பெயர். கருப்பும் பழுப்பும் கலந்த பெட்டைக் குதிரை. நெற்றியில் மட்டும் வெள்ளை. பெரிய தேரடியில் கூட்டம் எத்தனை இருந்தாலும் யார் மேலும் இடிக்காமல் நுழைந்து வந்துவிடும். பாஞ்சாலை அதனிடம் பேசிக்கொண்டே ஓட்டுவாள். வீட்டு விஷயம், விலைவாசி, மகள் உண்ணாமலை பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை போட்டாள் என்பதெல்லாம் மைனாவுக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியும்.

எழுபத்தேழு தீபத்துக்குப் பிறகு அந்தக் கஷ்டம் வந்தது. தீபத்துக்கு மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும். வெளியூர்க் குதிரைகள் ஊரெல்லாம் கட்டியிருக்கும். சந்தை கலைந்து, மார்கழிப் பனி விழத் தொடங்கியபோது மைனா உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. நின்ற இடத்தில் எல்லாம் தேய்க்கும். விளக்குக் கம்பம், புளியமரம், எங்கள் சந்தின் மண்சுவர், எதையும் விடவில்லை. கழுத்திலும் வால் அடியிலும் முடி உதிர்ந்து திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. கொள்ளு வைத்தாலும் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலா எலும்பு எண்ணலாம் போல் ஆயிற்று.

ரயிலடி ஸ்டாண்டில் வண்டிக்காரர்களுக்கெல்லாம் பெரியவர் மண்ணாங்கட்டி. மீசையும் காக்கிச் சட்டையும், குரலில் ஒரு அதட்டலும். அவருடைய குதிரை சாம்பல் நிறம், ஸ்டாண்டிலேயே உயரமானது. அவர் மைனாவை ஒரு பார்வை பார்த்தார்.

"இது சொறிம்மா. எல்லாக் குதிரைக்கும் வந்துரும். நீ அந்த கூட்ஸ் ஷெட்டாண்ட போய் நில்லு. தண்ணித் தொட்டிக்கும் வராத."

பாஞ்சாலை வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் கூட்ஸ் ஷெட் ஓரம் நின்றாள். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் அவ்வளவு தூரம் நடந்து போக மாட்டார்கள். நடந்து போன ஒன்றிரண்டு பேரும் குதிரையின் கழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நான் மட்டும் வழக்கம் போல் ஏறினேன். "டெலிபோனம்மா, உங்களுக்கு அருவருப்பா இல்லயா?"என்று கேட்டாள். "எனக்குக் குதிரை மேல உட்காரணும்னு இல்லையே, வண்டியிலதானே"என்றேன். அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தாள்.

கட்டிலில் கிடந்த தசரதன் ஒரு வைத்தியம் சொன்னார். "கிருஷ்ணாயில் தேச்சி உடு. எங்கப்பா அதான் செய்வாரு."

அவள் தேய்த்தாள். மைனா துள்ளிக் குதித்து, கட்டியிருந்த முளையைப் பிடுங்கிக்கொண்டு சந்து முனை வரை ஓடியது. சொறிந்து புண்ணாகியிருந்த இடமெல்லாம் வெந்துபோய்க் கொப்புளித்தது. பாஞ்சாலை அதைப் பிடித்து வந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே அழுதாள். மைனா அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டு நின்றது. வலிக்க வைத்தவள் தோளிலேயே அது வந்து சாய்ந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு, எண்ணெய் தடவ மறுபடி பிடரி மயிரை விலக்கினாள். முடி வேரில் ஏதோ நகர்ந்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பழுப்பாக, தட்டையாக, எள்ளை விடச் சின்னதாக ஒன்று ஊர்ந்தது. பக்கத்து முடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் உருவிப் பார்த்தாள். எளிதில் வரவில்லை.

"யோவ், இது சொறியே இல்ல. பேனு! ஈரு கூட கீது!"என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள். அந்தக் குரலில் பாதி சந்தோஷம். பேன் அவளுக்குத் தெரிந்த எதிரி. உண்ணாமலை தலையில் அவள் வாரா வாரம் சண்டை போடுகிற எதிரி.

அன்றே மைனாவை நடத்திக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பொறுமையான மனுஷர். மைனாவின் உதட்டைத் தூக்கிப் பல் ஈறு வெளுத்திருப்பதைக் காட்டினார்.

"ரத்தம் குடிக்கிற பேனும்மா. குளிர்ல முடி நீளமா வளருதில்ல, அதுல நல்லா குடித்தனம் பண்ணுது. சரியான தீனியும் இல்லாம மெலிஞ்ச குதிரைன்னா இன்னும் ஜாஸ்தியாவும்."

"எம் பொண்ணுக்கு ஒட்டிக்குமா சார்? அது எந்நேரமும் இத்தக் கட்டிப் புடிச்சிகினு கெடக்கும்."

"ஒட்டாது. குதிரைப் பேனு குதிரைகிட்டதான் பொழைக்கும். மனுசங்ககிட்ட தங்காது. ஆனா இன்னொரு குதிரைக்குப் போயிடும். ஒரே பிரஷ்ஷு, ஒரே போர்வை, ஒண்ணோட ஒண்ணு உரசி நிக்கறது, இதெல்லாம் போதும்."

முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். புண் ஆறிய பிறகு போட ஒரு பொடி கொடுத்தார். காற்றில்லாத நேரம் பார்த்துப் போட வேண்டும், குதிரையின் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் படக் கூடாது, போடுகிறவளும் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு பிறகு கையை நன்றாகக் கழுவ வேண்டும். பொடி பேனைக் கொல்லுமே தவிர ஈரைக் கொல்லாது. ஆகவே ஈர் பொரிந்து வருவதற்குக் காத்திருந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் பழைய கத்தரிக்கோல் வாங்கி வந்து, பாஞ்சாலை அய்யங்குளத்துக் கரையில் வைத்து மைனாவின் முடியை வெட்டினாள். மேடும் பள்ளமுமாக, எலி கடித்த கம்பளி போல் ஆகிவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "இன்னாம்மா, குதிரைக்கு மொட்டையா? வேண்டுதலா?"என்று ஒரு கிழவர் நிஜமாகவே கேட்டார். "ஆமாந்தாத்தா, காது குத்து அடுத்த மாசம்"என்றாள்.

வெட்டிய முடியைக் கொளுத்தினாள். சேணத்துக்கு அடியில் போடும் துணியை நெல் அவிக்கும் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள். லாயத்து வைக்கோலை வாரிப் போட்டுப் புதிது பரப்பினாள். பொடியும் இரண்டு தரம் போட்டாகிவிட்டது. மாசி பிறந்தபோது மைனா தேய்ப்பதை விட்டுவிட்டது. கொள்ளுச் சட்டியை நக்கித் துடைத்தது. மண்ணாங்கட்டி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "சரி, வந்து நில்லு"என்று கைகாட்டினார்.

இங்கே கதை முடிந்திருக்கலாம். ஆனால் ஸ்டாண்டுக்குத் திரும்பிய சில நாட்களிலேயே மைனா மறுபடி கம்பத்தில் கழுத்தைத் தேய்த்தது.

டாக்டரிடம் ஓடினாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பக்கத்துல நிக்கற குதிரைங்கள யாராவது பாத்தாங்களா?"

அன்று மதியம் நான் ஷிப்டு முடிந்து ஊருக்குப் போக ரயிலடிக்கு வந்திருந்தேன். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன். உச்சி வெயில். குதிரைகள் எல்லாம் நிழல் தேடி நின்றன. மண்ணாங்கட்டியின் சாம்பல் குதிரை மட்டும் முதுகில் கம்பளிப் போர்வையோடு நின்றது. பாஞ்சாலை நேராக அதனிடம் போனாள். போர்வையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். மெதுவாக, பழையபடியே இழுத்து மூடினாள்.

மண்ணாங்கட்டி டீக் கிளாசோடு ஓடி வந்தார். "யாரக் கேட்டுத் தொட்ட?"

பாஞ்சாலை குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, எத்தினி நாளா இப்பிடி?"

"சந்தையில வாங்கின போர்வ. அதுலேர்ந்து வந்திருக்கும் போல"என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு முகம் கடுத்தது. "வெளிய சொன்னியானா நடக்கறதே வேற. உன்ன ஒதுக்கி நிக்க வச்சவன் நான். எங்குதிரைக்கே பேனுன்னா எவன் என்ன மதிப்பான்?"

"எம் பொண்ணு தலயில கூடத்தான் பேனு. அதுக்குன்னு முக்காடு போட்டா ஸ்கூலுக்கு அனுப்பறேன்? புடிச்சி உக்கார வச்சி சீப்ப போடறேன். பாவம்ணே, வாயில்லாத ஜீவன். இந்த வெயில்ல கம்பளிய போத்தி வச்சிருக்கியே."

அவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பாஞ்சாலையும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மைனாவைக் கொண்டு போய் மறுபடி கூட்ஸ் ஷெட் ஓரமாக நிறுத்திக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் சொல்லி அல்ல.

சாயங்காலம் மண்ணாங்கட்டியின் மனைவி வெள்ளையம்மாள், ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாஞ்சாலை வீட்டு வாசலில் வந்து நின்றாள். மூட்டைக்குள் அந்தக் கம்பளி.

"இத்த எப்படித் தொவைக்கணும்னு கேட்டுகினு வரச் சொன்னாரு. அவரு சொன்னாருன்னு சொல்லாதன்னும் சொன்னாரு"என்றாள்.

இருவரும் சேர்ந்து அண்டாவை அடுப்பில் ஏற்றினார்கள். கம்பளி கொதித்த நாற்றத்துக்குத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. கட்டிலில் இருந்த தசரதன், "என் வீட்ல கறி கொழம்பு வச்சா ஒருத்திய காணோம், இதுக்கு ரெண்டு பொம்பளைங்க"என்று கத்த, வெள்ளையம்மாள் சிரித்துச் சிரித்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ரயில் வந்து சேர்வதற்கு முன் மண்ணாங்கட்டி எல்லோரையும் கூப்பிட்டார். சாம்பல் குதிரை போர்வையில்லாமல் நின்றது. கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை.

"பாத்துக்கோங்கடா. சொறி இல்ல, பேனு. பாஞ்சால குதிரைக்கு எங்குதிரைகிட்டேர்ந்துதான் போயிருக்கும். நான் அந்தப் பொண்ண தூர நிறுத்தினேன். தப்பு என்னுது. இப்ப எல்லாரும் அவுங்கவுங்க குதிரைய வெயில்ல நிறுத்திப் பாருங்க."

பார்த்தார்கள். பாதிக் குதிரைகளுக்கு இருந்தது. தொழிலை நிறுத்தி, அத்தனை வண்டிக்காரர்களும் குதிரைகளை அய்யங்குளத்துக்கு ஓட்டிப் போனார்கள். பாஞ்சாலை கத்தரிக்கோலோடு முன்னால் போனாள். டாக்டரும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பேன் உள்ளது இல்லாதது எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பொடி போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். ஒவ்வொரு குதிரைக்கும் தனி பிரஷ், தனித் துணி என்று பாஞ்சாலை சட்டம் போட்டாள். புதுக் குதிரை வந்தால் அவள் பார்த்துச் சொல்லும் வரை கூட்ஸ் ஷெட் ஓரம்தான். அந்த மாதம் ரயிலை விட்டு இறங்கியவர்களுக்கு, வரிசையாக மொட்டைக் குதிரைகள் நிற்கிற காட்சி கிடைத்தது. ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் இது கோயில் வழக்கமோ என்று கேட்டு, கும்பிட்டுவிட்டு ஏறினார்.

தசரதன் கால் கூடி எழுந்தபோது சற்று விந்தி நடந்தார். லகானை வாங்கிக்கொள்ள வந்தவரிடம், "காலையில நானு, சாயந்திரம் நீ"என்றாள் பாஞ்சாலை. அவர் எதிர்த்துப் பேசியதாகத் தெரியவில்லை. அப்படியே பல வருஷம் ஓடியது. தீபம் முடிந்து பனி தொடங்கினால், அடி அண்ணாமலையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் குதிரை வைத்திருந்தவர்கள் அவளைத் தேடி வருவார்கள். பிடரியை விலக்கிப் பார்த்து, "டாக்டராண்ட இட்டுகினு போ"என்றோ, "ஒண்ணுமில்ல, குளுருக்கு முடி கொட்டுது"என்றோ சொல்லி அனுப்புவாள்.

எண்பத்து மூன்றில் மைனாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வண்டியில் பூட்டுவதை நிறுத்தி, கீழ்பென்னாத்தூரில் தம்பி நிலத்தில் கொண்டு போய் விட்டாள். தசரதன் வேறு குதிரை வாங்கினார். பாஞ்சாலை அதையும் ஓட்டினாள், ஆனால் அதனோடு பேசியதை நான் கேட்டதில்லை.

எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்தபோது, போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனேன். கடலை பிடுங்கிய காட்டில், செடிக் குவியல்களுக்கு நடுவே மைனா தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் உடம்பு மினுமினுத்தது. பாஞ்சாலை வரப்பில் நின்று குரல் கொடுத்தாள். அது காதை நிமிர்த்திப் பார்த்தது. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தது, வயதான குதிரை. வந்து அவள் முந்தானையை மோந்து வெல்லத்தைத் தேடியது.

"பாத்தீங்களா டெலிபோனம்மா, எப்பிடி உருண்டு கெடக்கறா! வேல வெட்டி இல்லாம தின்னே கொழுத்துட்டா"என்று அதட்டிக்கொண்டே, தான் கொண்டு வந்த பிரஷ்ஷை எடுத்துக் கழுத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். உண்ணாமலைக்கு மாப்பிள்ளை பார்க்கிற சமாச்சாரத்தை அதனிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நான் கொஞ்ச தூரம் தள்ளி, கடலைச் செடியில் விடுபட்ட காய்களைப் பறித்துத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.